மீதியில் இருக்கிறது விடை

ஒரு பின்னத்தின் பகுதியில் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லையென்றால் முடிவுறு தசமம். இருந்தால் முடிவுறாச் சுழல் தசமம். பள்ளியில் இந்த விதியை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கினேன். அது ஏன் 2, ஏன் 5 என்று யாரும் சொல்லித் தரவில்லை. என் மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்த பிறகுதான் எனக்கே அது விளங்கியது.

1/7-ஐ நீள் வகுத்தலில் போட்டோம். ஈவை விட்டுவிட்டு மீதிகளை மட்டும் ஓரத்தில் எழுதிவரச் சொன்னேன். 10-இல் 7 போக மீதி 3. அடுத்து 30, மீதி 2. பிறகு 6, 4, 5. ஆறாவது படியில், "அம்மா, மறுபடியும் ஒண்ணு வந்துடுச்சு!" என்றாள். தொடங்கிய அதே 1 வந்துவிட்டால் பழைய கணக்குதான் திரும்ப ஓடும், அதனால்தான் 0.142857142857... என்று சுழல்கிறது. ஏழால் வகுக்கும்போது 0 வந்தால் கணக்கு நின்றுவிடும். வராவிட்டால் மீதியாக வர 1 முதல் 6 வரைதான் எண்கள் உண்டு. எப்படியும் ஒன்று திரும்பி வந்தே தீரும். எந்தப் பின்னத்துக்கும் இதே கதிதான்: ஒன்று முடியும், இல்லையென்றால் சுழலும். முடியாமலும் சுழலாமலும் போகிற √2 பின்னமாக இருக்கவே முடியாது.

2, 5-க்கான காரணமும் எளிது. முடிவுறு தசமம் என்பது 10, 100, 1000 போன்ற 10-இன் அடுக்கைப் பகுதியாகக் கொண்ட பின்னம். 10 என்பது 2×5. 7/8-ஐ மேலும் கீழும் 125-ஆல் பெருக்கினால் 875/1000, அதாவது 0.875. ஏழை எந்த முழு எண்ணால் பெருக்கினாலும் 10-இன் அடுக்கு கிடைக்காது. ஆனால் முதலில் சுருக்கிவிட வேண்டும்: 6/15-இல் 3 இருப்பதுபோல் தெரியும், சுருக்கினால் 2/5, முடிவுறு தசமம்.

நம் பழைய பின்னங்களையும் இப்படிப் பார்த்தேன். அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. எந்தப் பகுதியிலும் 2, 5 தவிர வேறு பகாக் காரணி இல்லை. முந்திரி 0.003125 என்று முடிந்துவிடுகிறது.

சுழல் தசமங்களின் சுழற்சியைக் கால்குலேட்டர் எப்போதும் காட்டாது. 1/17 சுழல 16 இலக்கங்கள் வேண்டும். சாதாரணத் திரையில் அவ்வளவு இடமில்லை.

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விதியைச் சொல்லும் முன் 1/13-ஐத் தாளில் போட வையுங்கள். மீதிகளை எழுதிவரட்டும். விதியின் காரணத்தை அவர்களே உங்களுக்குச் சொல்வார்கள்.