மெயிலுக்கும் செக்கிங் உண்டுங்க!

திருப்பூரில் செக்கிங் டேபிள் இல்லாத பனியன் கம்பெனி உண்டா? ஓட்டை, கறை, தையல் விட்டது என்று பார்த்துப் பீஸைத் தள்ளி வைப்பார்கள். லினக்ஸ் சர்வரில் இதே வேலையை மெயிலுக்குச் செய்கிறவர் 'ஸ்பாம்அசாசின்'. 2001-ல் வந்தவர். ஒவ்வொரு மெயிலுக்கும் மார்க் போடுவார். பரீட்சையில் மார்க் கூடினால் பாஸ். இவரிடம் 5 வாங்கினால் குப்பை என்று முத்திரை!

2010 ஜனவரி 1. புது வருஷ வாழ்த்துக்கெல்லாம் மார்க் எகிறியது. காரணம், தேதியில் 2010 முதல் 2099 வரை எந்த வருஷம் இருந்தாலும் 'எதிர்காலத்து ஆசாமி' என்று சந்தேகப்படும் ஒரு பழைய விதி. விதி நின்றது. காலண்டர் நிற்குமா? அன்றைக்கே திருத்தம் வந்தது. 'எஸ்ஏ-அப்டேட்' கட்டளை கொடுத்து, சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தவர்கள் பிழைத்தார்கள்.

பி.காம். படித்த எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு மெர்ச்சண்டைசர் நண்பர். காலையில் டீக்கு முன்னால் ஸ்பாம் ஃபோல்டரைத்தான் திறப்பார். "பையர் அவசரத்துல சப்ஜெக்ட் முழுக்க கேப்பிடல் எழுத்துல அடிச்சிருவாருங்க. சர்வருக்கு அது லாட்டரி மெயிலாட்டத் தெரியுமுங்க" என்பார்.

விதிகளை அப்டேட் செய்வது பாதி வேலை. தள்ளியதை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது மீதி. ரிஜெக்ட் ஆன டி-ஷர்ட் காதர்பேட்டையிலாவது விலை போகும். ரிஜெக்ட் ஆன ஆர்டர் மெயிலை எந்தப் பேட்டையில் சார் விற்பது?