எலும்பு முறிந்த இடம்

மகனை மனு பார்க்கச் சிறைக்குப் போன அந்த அம்மா, அங்கிருந்து நேராக என் அலுவலகத்துக்கு வந்தார். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற மகனின் இடது கையில் மாவுக்கட்டு. என்னவென்று கேட்டதற்கு, அருகில் நின்ற வார்டரை ஒருமுறை பார்த்துவிட்டு, "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேம்மா" என்றானாம்.

"எம்புள்ள பொய் சொன்னா எனக்குத் தெரியாதா சார்?"

அவன் தண்டனைக் கைதிகூட இல்லை. திருட்டு வழக்கில் ஜாமீனுக்குக் காத்திருந்த விசாரணைக் கைதி.

சிறைக்குள் நடந்த அடிதடியில் ஆதாரம் முழுக்க எதிர்த்தரப்பின் வசம் இருக்கிறது. இடம், மருத்துவர், பதிவேடு எல்லாம் அவர்களுடையவை. சாட்சிக்குச் சோறு போடுகிறவர்களும் அவர்களே. கன்றிய காயமோ இரண்டு வாரத்தில் மறைந்துவிடும். அதனால் தாயார் பெயரில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டதும், இழப்பீட்டுப் பேச்சை ஒதுக்கிவைத்து இரண்டு இடைக்கால உத்தரவுகளை மட்டும் கேட்டேன். சிறைக்கு வெளியே அரசு மருத்துவமனையில் பரிசோதனை வேண்டும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளரான நீதிபதி நேரில் போய் வாக்குமூலம் வாங்க வேண்டும். திகார் சிறையில் ஒரு வார்டர் செய்த சித்திரவதையைப் பற்றி சுனில் பாத்ரா என்ற கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக ஏற்று, 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்பு எழுதியிருக்கிறார். அதைக் காட்டினேன். இரண்டும் கிடைத்தன.

எக்ஸ்ரேயில், முன்கையின் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு மட்டும் நடுவில் முறிந்திருந்தது. வழுக்கி விழுகிறவர் கையை ஊன்றுவார். பெரும்பாலும் மணிக்கட்டை ஒட்டித்தான் முறியும். தலைக்கு வரும் லத்தியைத் தடுக்கக் கையைத் தூக்கும்போது அடி விழுகிற இடம் வேறு. அரசு மருத்துவர் அதைத் தயங்காமல் எழுதிக் கொடுத்தார். அந்த மனிதருக்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அறிக்கை வந்ததும் சிறைத் தரப்பு கூடுதல் பதில் மனு போட்டது. சோதனையின்போது கைதி வார்டரைத் தாக்கினாராம். குறைந்தபட்ச பலமே பிரயோகிக்கப்பட்டதாம். முதல் பதில் மனுவில் இருந்த குளியலறையைக் காணோம்! 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டப்படி, உள்ளே வரும் கைதியின் உடலிலுள்ள காயங்களைக் குறித்துவைக்க வேண்டும். சிறைக்குள் தரும் தண்டனைகளைத் தண்டனைப் புத்தகத்தில் எழுத வேண்டும். இரண்டையும் வரவழைத்தோம். வந்த நாளில் அவன் உடம்பில் காயமில்லை. வார்டரைத் தாக்கியதற்காக ஒரு எச்சரிக்கைகூட அவன் பெயரில் பதிவாகவில்லை.

காவலில் இருந்தவருக்கு என்ன நேர்ந்தது என்று அரசுதான் விளக்க வேண்டும் என்றேன். ஒடிசாவில் போலீஸ் காவலில் இருந்த மகனைப் பிணமாகப் பெற்ற நீலபதி பெஹெராவுக்கு 1993இல் உச்ச நீதிமன்றம் ஒன்றரை லட்சம் ரூபாய் வழங்கச் சொன்ன தீர்ப்பு துணை நின்றது. இழப்பீடு, வார்டர்கள்மீது குற்ற வழக்கு, துறை விசாரணை மூன்றுக்கும் உத்தரவானது.

இத்தனைக்கும் நேரில் பார்த்ததைச் சொன்னவர் ஒரே ஒருவர், அந்த பிளாக்கில் வேலை செய்த தண்டனைக் கைதி. "நாளைக்கும் நான் இங்கதாங்க இருக்கணும்" என்று சொல்லிவிட்டுத்தான் நீதிபதியிடம் எல்லாவற்றையும் சொன்னார். குற்றவாளியின் பேச்சை நம்பலாமா என்று அரசு வழக்கறிஞர் கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. பூட்டிய கதவுக்குள் நடந்ததை வேறு யார் பார்த்திருக்க முடியும்?

அவருடைய பாதுகாப்புக்கென்று நீதிமன்றம் அவரைத் தொலைவிலிருந்த வேறொரு சிறைக்கு மாற்றியது. அதற்குப் பிறகு அவர் மனைவி மனு பார்க்க ராத்திரி பஸ் பிடித்துப் போக வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னவரின் குடும்பம் ஏன் அலைய வேண்டும்? அதனால் இப்படிப்பட்ட வழக்குகளில், சாட்சி இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், குற்றஞ்சாட்டப்பட்ட வார்டர்களை மாற்றுங்கள் என்பதையே முதல் கோரிக்கையாக எழுதிவருகிறேன்.