கோணலாக எரிந்த சுருட்டு

எஸ்தெலியில் சுருட்டைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் காலையில்தான் உட்காருகிறார்கள். மதியச் சாப்பாடு உள்ளே போய்விட்டால் நாக்கின் சாட்சியம் செல்லாது என்பது அங்கே எழுதாத சட்டம். நான் போயிருந்த தொழிற்சாலையில் சுவை பார்க்கும் அறையில் பெரிய ஜன்னல், நீள மேசை, தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், சர்க்கரை போடாத காப்பி, இவ்வளவுதான் இருந்தன. சுருட்டுகளில் நிறுவனத்தின் தங்கநிற வளையம் இல்லை. பெயரைப் பார்த்து நாக்கு மயங்கிவிடக் கூடாதென்று எண் எழுதிய காகிதத் துண்டை மட்டும் சுற்றி வைத்திருந்தார்கள்.

நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவிலிருந்து வடக்கே சுமார் 150 கிலோமீட்டரில், மலைகளுக்கு நடுவே கரிசல் மண் பள்ளத்தாக்கில் இருக்கிறது எஸ்தெலி. அமெரிக்காவுக்கு மிக அதிகமாகக் கைச்சுருட்டு அனுப்பும் நாடு இன்று நிகராகுவாதான். அதன் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை இந்த ஊரில். 1959 புரட்சிக்குப் பிறகு கியூபாவை விட்டு வெளியேறிய புகையிலைக்காரர்கள் கொண்டுவந்த தொழில் இது. 1962இல் கியூபச் சுருட்டுக்கு அமெரிக்கா கதவை அடைத்ததும் இங்கே பயிர் பெருகியது. நாட்டின் மிகப் பழைய சுருட்டுத் தொழிற்சாலையான ஹோயா தே நிகராகுவா 1968இல் தொடங்கப்பட்டது. 1978, 79 ஆண்டுகளில் சர்வாதிகாரி சொமோசாவின் விமானங்கள் இந்த ஊர்மேல் குண்டு போட்டன. கியூபாவின் மீதான தடையால் வளர்ந்த ஊர், 1985 முதல் 1990 வரை அதேபோன்ற அமெரிக்கத் தடையைத் தானும் அனுபவித்தது. தலைநரைத்த தொழிலாளர்களிடம் பேச்சுக் கொடுத்தால் போர், தடை, புகையிலைப் பூசணம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்கிறார்கள்.

சுவைஞரை எல்லோரும் ‘மாயெஸ்த்ரோ’ என்றுதான் கூப்பிட்டார்கள். வாத்தியார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் தெரிந்த கணக்குப்பிள்ளைப் பையன் ஒருவன் எனக்கு மொழிபெயர்த்தான்.

மாயெஸ்த்ரோ முதலில் எடுத்தது தேவதாரு மர அறையில் பல மாதம் கிடந்த சுருட்டு. ஆறு அங்குல நீளம், 52 தடிமன். ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் 52 என்று கணக்கு. ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். எடுத்தவுடன் பற்றவைக்கவில்லை. கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் வைத்து அடி முதல் தலைவரை மெல்ல அமுக்கிக்கொண்டே போனார். எங்காவது கட்டி தட்டினால் இழுவை அடைக்கும், எங்காவது பொதபொதத்தால் சூடேறிக் கசக்கும். பிறகு முகர்ந்தார், என்னிடமும் நீட்டினார். மாட்டுத்தொழுவமும் காய்ந்த திராட்சையும் கலந்த வாசனை. தொழுவ வாசனை இங்கே பாராட்டு.

தலையை மெல்லிசாக வெட்டி, பற்றவைக்காமலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அப்புறம்தான் நெருப்பு, அதுவும் தழல் இலையில் படாமல், அடிப்பாகத்தைச் சுற்றிச் சுற்றி வாட்டி. நிமிடத்துக்கு ஒரு இழுப்பு. அவசரப்பட்டால் சுருட்டு கொதித்துக் கைப்பேறும். புகை நெஞ்சுக்குள் போவதில்லை. வாயில் நிறுத்தி, கொஞ்சத்தை மட்டும் மூக்கு வழியே விட்டபோது மிளகை அரைத்துத் தடவினாற்போல் எரிந்தது. முதல் மூன்றிலொரு பங்கு முழுக்க அந்த மிளகுதான். அதைத் தாண்டியதும் காரம் பின்வாங்கி, வறுத்த காப்பிக்கொட்டையும் கசப்புக் கொக்கோவும் வந்தன. புகைக்கு ஒரு எண்ணெய்ப்பசை. விட்ட பிறகும் அண்ணத்தில் தங்கியிருந்தது. இந்தத் தங்கலைத்தான் அவர் கனம் என்றார். காட்டம் வேறு. காட்டம் நிக்கோட்டின் செய்கிற வேலை, தலைக்கு ஏறுவது. “காட்டம் வேணும்னா எவன் வேணா செய்வான். செடியோட உச்சி இலையா அள்ளித் திணிச்சாப் போதும். கனமும் இருக்கணும், தொண்டையையும் கீறக் கூடாது. அதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.”

சாம்பல் ஓர் அங்குலத்துக்கு வெளிர்ச் சாம்பல்நிறத்தில் உதிராமல் நின்றது. 1887இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையில் அவர் கறுத்த, செதிலான சாம்பலை வைத்துத் திருச்சிச் சுருட்டை அடையாளம் காண்பதைச் சொன்னேன். கதையைவிட திருச்சி மண்ணைப் பற்றித்தான் மாயெஸ்த்ரோ அதிகம் கேட்டார்.

இடையில் எனக்கு நெற்றி வியர்த்தது. சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. வாயின் உட்சுவரே நிக்கோட்டினை உறிஞ்சிக்கொள்ளும். அவர் சிரிக்காமல் ஒரு கரண்டி சர்க்கரையைக் கொடுத்தார். நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் கெடுதல் இல்லை என்று சொல்கிற சுருட்டு ரசிகர்களை நம்பாதீர்கள். வாயிலும் தொண்டையிலும் புற்றுநோய் வர அது தடையே அல்ல.

இரண்டாவது சுருட்டு அந்த வாரம் சுற்றியது. இதைச் சுவைக்காக அல்ல, கைவேலைக்காகப் புகைக்கிறார்கள். பாதி தாண்டும் முன்பே கங்கு ஒருபக்கம் ஓடி, மறுபக்கம் பின்தங்கிவிட்டது. மாயெஸ்த்ரோ கொஞ்சம் காத்திருந்தார். சுருட்டு தானாகவே சரியாகிவிடுவதும் உண்டாம். ஆகவில்லை. ஒரு சீட்டில் ‘கோணல்’ என்று குறித்துவிட்டு, காகிதத் துண்டிலிருந்த மேசை எண்ணையும் அதில் எழுதிச் சத்தமாகப் படித்தார். அந்தச் சீட்டுக்குப் பின்னாலேயே நானும் போனேன்.

சுற்றும் கூடத்தில் வரிசையாக மேசைகள், மேசைக்கு இரண்டு பேர். ஒருவர் உள்ளிலைகளைச் சேர்த்துக் கட்டிலையில் சுற்றுவார். மற்றவர், பெரும்பாலும் பெண், அதன்மேல் போர்வை இலையைச் சுற்றுவார். ஒலிபெருக்கியில் காதுகிழியப் பாட்டு. ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல் தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒருவரை அமர்த்தி நாளிதழும் நாவலும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலும் பத்திரிகை வாசிப்பு இருந்தது. இங்கே அது இல்லாதது எனக்குக் குறையாகவே பட்டது.

சீட்டிலிருந்த மேசையில் உள்ளிலை சேர்ப்பவரும் பெண்தான். நாற்பது வயதிருக்கும். மேற்பார்வையாளர் சீட்டை நீட்டியதும் படித்தார், திருப்பிக் கொடுத்தார். “நடுவுலதான் வெச்சேன்.”

வாதத்தைப் புரிந்துகொள்ள அந்தக் கைகளைப் பார்க்க வேண்டும். இடது உள்ளங்கையைக் குழித்து, ஒவ்வோர் இலையையும் நீளவாக்கில் தளர்வான குழாயாகச் சுருட்டி அடுக்குகிறார். அப்போதுதான் இலைகளுக்கிடையே காற்றுக்கு வழி இருக்கும். உச்சி இலை தடித்தது, எண்ணெய் நிறைந்தது, வெயிலை முழுக்க வாங்கியது. ஆனால் மெதுவாக எரியும். அதை நட்டநடுவில் வைத்து, சீக்கிரம் பற்றும் கீழ் இலைகளைச் சுற்றிலும் வைக்க வேண்டும். அரை விரற்கடை விலகினாலும் அந்தப் பக்கம் கங்கு பின்தங்கும். பிறகு கட்டிலையில் உருட்டி மர அச்சில் போட்டு அழுத்தத்தில் வைக்கிறார்கள்; பாதி நேரத்தில் திருப்பிப் போடாவிட்டால் அச்சின் விளிம்பு தழும்பாகப் பதிந்துவிடும். அடுத்து இழுவைப் பொறி, ஒன்றுவிடாமல் உறிஞ்சிப் பார்த்து முள்ளால் அளவைக் காட்டும். காற்று போகிறதா என்று மட்டுமே அதற்குத் தெரியும். உச்சி இலை எங்கே இருக்கிறது என்று அதற்கு எப்படித் தெரியும்?

அவர் பேசாமல் அச்சிலிருந்து ஒன்றை எடுத்து, சவேத்தா என்கிற பிடியில்லாத வளைகத்தியால் குறுக்கே வெட்டிக் காட்டினார். நடுவில் கறுப்பாக உச்சி இலை, சுற்றிலும் வெளிறியவை. “இலை ஈரமா வந்துச்சு. இலைக்கு ஈரம் குடுக்குறது நானா?” கழித்த சுருட்டு கூலிக் கணக்கில் ஏறாது என்பதைப் பக்கத்து மேசைக்காரர் எனக்குத் தனியாகச் சொன்னார். இந்தச் சுருட்டு அமெரிக்கக் கடையில் பத்துப் பதினைந்து டாலர் போகும்.

மேற்பார்வையாளர் வேறொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள விரும்பினார்: உச்சி இலை பதப்படாமலேயே வந்துவிட்டதோ? புழுக்கக் கிடங்குக்கு நடந்தோம். கதவைத் திறந்ததும் அம்மோனியா கண்ணைக் கரித்தது. ஆளுயரத்துக்குப் புகையிலைப் போர்கள். உலர்ந்த இலையை லேசாக நனைத்து இப்படி அடுக்கினால் உள்ளே தானாகவே சூடு பிறக்கிறது. அந்தச் சூட்டில் கசப்பும் அம்மோனியாவும் வெளியேறுகின்றன. போரின் வயிற்றில் நீண்ட வெப்பமானி செருகியிருக்கிறது. சூடு குறித்த அளவைத் தொட்டதும் போரைப் பிரித்து, உள்ளே இருந்தது வெளியே, வெளியே இருந்தது உள்ளே என்று மாற்றி அடுக்க வேண்டும். கீழ் இலைக்குச் சில மாதம் போதும். உச்சி இலை ஓராண்டையும் தாண்டும். அங்கிருந்தவர் நாள்சீட்டை எடுத்துக் காட்டினார். திருப்பியடுக்கிய தேதியும் சூடும் வரிசையாக இருந்தன. என் கையை இழுத்துப் போருக்குள் முழங்கைவரை நுழைத்தார். இளஞ்சூடாக இருக்கும் என்று நினைத்த எனக்குக் கையைச் சில நொடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை. பொய் சொல்லும் போராக எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது மாயெஸ்த்ரோ ஒரு நல்ல காரியம் செய்திருந்தார். அதே நாளில், அதே இலைக்கட்டில், வேறு மேசையில் சுற்றிய சுருட்டுகளை வரவழைத்துப் பற்றவைத்திருந்தார். அவற்றிலும் ஒன்று கோணல். சீட்டில் மேசை எண்ணை அடித்துவிட்டு இலைக்கட்டின் எண்ணை எழுதினார். அந்த இலையில் சுற்றி ஐம்பது ஐம்பதாகக் கட்டிய சுருட்டுகள் தேவதாரு அறைக்குப் போகும். ஈரம் சமமான பிறகு மறுபடி புகைத்துப் பார்ப்பார்கள். கூலி கணக்கில் ஏறிவிடும். செய்தி வந்ததும் அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

இலைக்கு ஈரம் கொடுக்கும் அறைக்கு மேற்பார்வையாளர் போனபோது நானும் கூடவே போனேன். தெளிப்பானோடு நின்ற பெரியவர் முழுக்கக் கேட்டார். தலையைச் சொறிந்தார். அன்றைக்கு மழை என்றார்.