போறதா, இருக்கிறதா?

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தாருக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரைச் சேர்ந்த எங்களுக்குச் சில நாட்கள். ஐந்து மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர் வெளியேறினோம். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளத்துக்கு. எல்லை தாண்டாததால் சட்டத்தின் கண்ணில் நாங்கள் அகதிகளல்லர், உள்நாட்டில் இடம்பெயர்ந்தோர். புத்தளத்துச் சனங்கள் சோறு தந்தார்கள், கிணற்றைப் பகிர்ந்தார்கள். ஆனாலும் 'அகதி' என்பதே எங்கள் பெயராயிற்று.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. மீள்குடியேற்றப் பதிவு தொடங்கியது. வந்த அதிகாரி வாப்பாவிடம் கேட்டது ஒன்றுதான்: "போறதா, இருக்கிறதா?"

வாப்பாவிடம் மறுமொழி தயாராக இருந்தது. அவருடைய கடல் அங்கே. அவரைப் பெற்றவர்கள் அடங்கிய மையவாடி அங்கே. உம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. அன்றிரவு அவ என்னிடம் கேட்டா: "கெணறு எறச்சாச்சா? கிட்ட ஆஸ்பத்திரி இருக்கா? பள்ளிக்கூடத்துக்கு டீச்சர்மார் வந்திட்டாங்களா?" முகாமில் பிறந்த தங்கச்சி அந்த டிசெம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாள். அவளுக்கு அந்த ஊர், வாப்பா சொல்லும் ஒரு கதை.

ஒரு குடும்பமாக வந்தவர்கள் நாங்கள் அப்போது நான்கு குடும்பமாகியிருந்தோம். காணியோ ஒன்றுதான். ஊரில் பதிந்தால் புத்தளத்து நிவாரணம் நின்றுவிடும் என்ற பயம் வேறு. வாப்பாவும் காக்காவும் போய்க் காடு வெட்டித் தறப்பாள் கொட்டில் போட்டார்கள். உம்மாவும் தங்கச்சியும் புத்தளத்தில் இருந்தார்கள். இரண்டு ஊரிலும் கால் வைத்திருப்பதாக எங்களை ஏசினார்கள். அறுந்த வாழ்வை வேறு எப்படித்தான் முடிவது?

உள்நாட்டு இடப்பெயர்வு பற்றி ஐக்கிய நாடுகள் சபை 1998இல் வெளியிட்ட வழிகாட்டிக் கோட்பாடுகளில் 28ஆவதைப் பிறகொரு நாள் வாசித்தேன். விரும்பி, பாதுகாப்பாக, கண்ணியத்தோடு திரும்ப வழிசெய்வது ஆட்சியாளரின் கடமை என்கிறது. அதைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் இடம்பெயர்ந்தோர் முழுமையாகப் பங்கேற்க விசேட முயற்சி வேண்டும் என்றும் சொல்கிறது. படிவம் அச்சாகுமுன் உம்மாவையும் தங்கச்சியையும் கேட்டிருந்தால் அதுவே பங்கேற்பு.

2012இல் முசலிப் பக்கத்தில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளிப் பகுதிக் காணிகள் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் வந்தன. அங்கே குடியிருந்தவர்களில் பலர் அப்போதும் புத்தளத்தில். வளவுகளில் வளர்ந்திருந்த காட்டுக்கு எங்கள் அகதி வாழ்வின் வயது. அதை அவர்களிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

கேட்க வேண்டியவர்கள் நாங்கள் மட்டுமல்லர். யுத்தத்தில் எல்லாம் இழந்து வந்த தமிழ் அயலவர்களும் அதே குளத்தையும் அதே வீதியையும் நம்பி இருக்கிறார்கள். பாதுகாப்பு என்பது அவர்களோடு ஒரே பாயில் உட்கார்ந்து பேசினால்தான் வரும். அந்தப் பாயை விரிக்க எந்த வர்த்தமானியும் தேவையில்லை.