சட்டமன்றமாய் இருந்த மருத்துவமனை



மணவாள நகரிலிருந்து சிகிச்சைக்காகச் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்குச் செல்கிற நீங்கள், அந்தக் கட்டடம் எதற்காக எழுப்பப்பட்டது என்று எண்ணியதுண்டா? புதிய சட்டமன்றமாகவும் தலைமைச் செயலகமாகவும் 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் அதைத் திறந்துவைத்தார். மறு ஆண்டே ஆட்சி மாறியது. சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்குத் திரும்பியது. 2014 பிப்ரவரியில் அது பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாயிற்று.

வீண்செலவு என்று வருந்துவோர் உண்டு, நான் மறுக்கவில்லை. டெல்லியின் பழைய நாடாளுமன்றம் 1927 முதல் 2023 வரை உழைத்து ஓய்ந்தது. கொழும்பு காலிமுகத்திடலில் உள்ளதோ 1930 முதல் 1982 வரை உழைத்து, இன்று ஜனாதிபதி செயலகமாக இருக்கிறது. நம்முடையது ஏறத்தாழ ஓராண்டில் கைவிடப்பட்டது.

ஆயினும், சட்டம் இயற்றுவோர் விவாதிக்க எழுப்பிய சுவர்களுக்குள் இன்று இருதய அறுவைக்குக் காத்திருக்கும் ஏழைத் தாயைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அவளுக்கு அக்கட்டடத்தின் பழைய பெயர் தெரியாது, தெரியவேண்டியதுமில்லை.

நம் பழைய ஜெபக்கூடத்தை இடிப்பதா, காப்பதா என்று வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் பேசவிருக்கிறோம். யாருடைய தகப்பனார் கட்டினார் என்பதைச் சற்றே ஒதுக்கிவைத்து, நாளை அதன் வாசலில் நிற்கப்போவது யார் என்பதை முதலில் பேசுங்கள். இரண்டுக்குமான செலவு மதிப்பீட்டை மூப்பர்கள் கொண்டுவருவார்கள்.