தீந்தை பொரிந்த இடம்

மட்டக்களப்பு வாவிக்கரையில் இரும்பு நெடுநாள் நலமாயிருப்பதில்லை. கல்லடியில் ஒரு கராஜுக்கு வந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பின்புறத்தில், புகைக்குழாய்க்கு மேலே, தீந்தை பழுப்பேறிப் பொரிந்திருந்தது. காரை விற்க எண்ணிய இளைஞனுக்கு வேண்டியது புதுப்பூச்சு மட்டுமே. முதிய மெக்கானிக் குனிந்து பார்த்தார்.

“மனே, காய்ச்சல் உள்ளுக்க கிடக்கு. நீ நெத்தியில பத்துப் போடப் பாக்காய்.”

குழாயை மறைத்திருந்த வெப்பத்தடுப்புத் தகடு, உப்புக்காற்றில் ஆணிகள் துருவேறியதால் எங்கோ விழுந்துவிட்டது. அது சிறிய குற்றம். பெரியது எஞ்சினில் இருந்தது. நான்கு பிளக்குகளைக் கழற்றியபோது ஒன்று மட்டும் பெற்றோலில் நனைந்திருந்தது. அதன் கொயிலை அடுத்த உருளைக்கு மாற்றியதும் பிழையும் உடன் சென்றது. தீப்பொறி காணாத பெற்றோல் புகையோடு சென்று, நச்சுவாயுவைக் குறைக்கும் ஊக்கி மாற்றியில் எரிகிறது. அப்போது அங்கே வெப்பம் 1000 பாகை செல்சியசைத் தாண்டலாம். உள்ளிருக்கும் பீங்கான் கண்ணறைகள் உருகி வழியை அடைத்தால் இன்னும் ஏறும்.

புதுக்காரும் இதற்கு விலக்கன்று. 2010இல் பெராரி நிறுவனம் தன் 458 இத்தாலியா கார்களைத் திருத்தத்துக்கென மீள அழைத்தது. சக்கர வளைவின் பசை, புகைக்குழாய் வெப்பத்தில் தீப்பற்றிச் சில கார்கள் எரிந்திருந்தன. பசைக்குப் பதிலாக ஆணிகள் பொருத்தப்பட்டன.

கல்லடிக் காருக்குப் பூச்சு மட்டும் பூசியிருந்தால், வாங்கியவன் அதைக் கோடையில் காய்ந்த புல்மேல் நிறுத்தும்வரை எவரும் அறியார். கொயிலும் தகடும் புதிதாயின. தீந்தையை மெக்கானிக் ஒரு வாரம் தொடவில்லை. புதுக் கொப்புளம் எழவில்லையெனக் கண்ட பின்னரே சுரண்டத் தொடங்கினார்.