மேக்குக்குள் ஒரு விண்டோஸ்

2025 அக்டோபர் 14, செவ்வாய்
பெண்ணாடம்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு இன்றோடு முடிகிறது. பழைய கம்ப்யூட்டரைக் கழித்துவிட்டு, பிள்ளைகள் பெங்களூரிலிருந்து கொண்டுவந்த மேக்புக்கில் விண்டோஸைப் போட்டு டேலி கணக்கு மென்பொருளை ஓட்டலாமே என்று கடைக்காரர்கள் யோசிப்பதில் தப்பில்லை. ஆனால் இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் வேகத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது, பிரிண்டர் மாதிரியான கருவிகளை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவரைப் பற்றி. 2020 நவம்பரில் வந்த எம்1 சிப்போடு, மேக்கில் விண்டோஸை நேரடியாகப் போடும் பூட் கேம்ப் வழி அடைபட்டது. இப்போது அந்த வகை மேக்கில் ஓடுவது ஆர்ம் சிப்புக்கான விண்டோஸ் 11, அதுவும் பேரலல்ஸ், விஎம்வேர் ஃப்யூஷன் மாதிரியான மென்பொருள் உருவாக்கித் தரும் மெய்நிகர் கணினிக்குள். பேரலல்ஸில் அதை ஓட்ட மைக்ரோசாஃப்டே 2023 பிப்ரவரியில் இசைவு தந்துவிட்டது; ஃப்யூஷன் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். இன்டெல் சிப்புக்காக எழுதிய சாதாரண மென்பொருளை ஆர்ம் விண்டோஸ் அங்கேயே மாற்றி ஓட்டிவிடும். கணக்கெழுதும் வேலைக்கு அந்த வேகம் தாராளம். டிரைவர்களுக்கு அந்த மாற்று வசதி கிடையாது. பழைய லேசர் பிரிண்டருக்கோ டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கோ ஆர்ம் டிரைவர் இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மேக்கும் அங்கே கைவிரித்துவிடும்.

பிரிண்டர் பிரச்சினைக்கு வழி உண்டு. மேக் அந்த பிரிண்டரை ஏற்குமானால், விண்டோஸுக்குள் பிடிஎஃப் ஆக்கி வெளியே மேக்கிலிருந்து அச்சடித்தால் போதும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தார் மட்டும், பாமினி மாதிரியான பழைய எழுத்துரு பிடிஎஃபுக்குள் பதிந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகள் குதறிக் கிடக்கும். டோக்கன் விஷயத்தில் முதலில் கேட்கவேண்டியது, அது தேவைதானா என்பது. ஜிஎஸ்டி தாக்கலில் கம்பெனிகளுக்கும் எல்எல்பிகளுக்கும்தான் டிஜிட்டல் கையொப்பம் கட்டாயம். மளிகைக்கடையோ உரக்கடையோ வைத்திருக்கும் தனி உரிமையாளர் செல்போனுக்கு வரும் ஓடிபியை வைத்து மேக்கின் பிரவுசரிலேயே முடித்துவிடலாம். அவருக்கு விண்டோஸ் வேண்டியிருப்பது டேலிக்கு மட்டும்.

அக்டோபர் 16, வியாழன்

'ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன், அப்புறம் எதற்கு பேக்கப்?' என்பது அடிக்கடி வரும் வாதம். மெய்நிகர் கணினியின் அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைக்கும் ஸ்னாப்ஷாட் இருப்பதும் அதே டிஸ்கில்தான். டிஸ்க் போனால் இரண்டும் போகும். அதைவிட மோசம், அப்டேட் கெடுத்துவிட்டதென்று திங்கட்கிழமை ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பினால், புதன்கிழமை வரை போட்ட பில்லும் ரசீதும் சத்தமில்லாமல் காணாமல் போயிருக்கும். அப்படியானால் டேலி கணக்கையே மேக்கின் பகிர்வு ஃபோல்டரில் வைத்துவிடலாமே என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஓயாமல் எழுதிக்கொண்டிருக்கும் கணக்குக் கோப்பு மேக்குக்கும் விண்டோஸுக்கும் இடையிலான அந்தப் பாலத்தைக் கடக்கும்போது பழுதாக வாய்ப்பு உண்டு. கணக்கு உள்ளேயே இருக்கட்டும்; கடை சாத்துமுன் டேலியின் சொந்த பேக்கப்பை மட்டும் மேக் ஃபோல்டருக்கும், அங்கிருந்து ஒரு பென்டிரைவுக்கும் அனுப்பினால் நல்லது. மெய்நிகர் டிஸ்க் ஒரே பெரிய கோப்பாக இருந்தால், மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அதை மறுபடி நகலெடுக்கப் பார்க்கலாம். அதை டைம் மெஷின் பட்டியலிலிருந்து விலக்கிவிட்டு, விண்டோஸை அணைத்த பிறகு மாதம் ஒருமுறை தனியாக நகலெடுக்கலாம். மேக்கின் நினைவகத்தில் (ரேம்) பாதிக்கு மேல் விண்டோஸுக்குக் கொடுக்க வேண்டாம். 8 ஜிபி மேக்கில் 4 கொடுத்தால் விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்சம் சரியாக இருக்கும். 6 கொடுத்தால் மேக் திணறும், அதோடு விண்டோஸும் திணறும்.

இவ்வளவு பாட்டுக்கு ஒரு பழைய விண்டோஸ் லேப்டாப்பே வாங்கிவிடலாம் என்பதும் நியாயமான பேச்சு. தினம் டோக்கன் செருகிக் கையொப்பமிடும் ஆடிட்டர் அலுவலகம், டோக்கன் தயாரித்தவர் மேக்குக்கும் டிரைவர் தராத பட்சத்தில், அதைத்தான் செய்ய வேண்டும். விண்டோஸ் 11 ஏறும் லேப்டாப்பா என்று மட்டும் பார்த்து வாங்கட்டும். மாதம் நாலு நாள் டேலி திறப்பவருக்கு அந்தச் செலவு வீண். அப்படி மேக்கிலேயே வைத்துக்கொள்பவர், மெய்நிகர் கணினியை அழிப்பதற்கோ வேறு மேக்குக்கு மாற்றுவதற்கோ முன்னால், டேலி லைசென்ஸை உள்ளிருந்தே சரண்டர் செய்துவிட வேண்டும். லைசென்ஸ் அந்தக் கணினியோடு கட்டப்பட்டது.